மருந்துக்கு அடங்காத வலிப்பு, எம்ஆர்ஐ நார்மல்: லீஷனை (வலிப்புக்குக் காரணமான குறைபாட்டுப் பகுதியை) எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி | பதிவர்: முதுநிலை_நரம்பியல்

வயது 22. வலிப்பு தொடங்கியது 9 வயதில். பெரும்பாலும் தூக்கத்தில் வருகிறது. இடது கை விறைத்து மேலே எழும், தலை இடப்பக்கம் திரும்பும், சில நேரம் ஒரு குரல் எழும். 20 முதல் 30 வினாடியில் முடிந்து உடனே தெளிவு வந்துவிடும். ஒரே இரவில் நாலைந்து வருவதும் உண்டு. ஆக்ஸ்கார்பஸெபின், லெவெடிரசெட்டம், லகோசமைட் மூன்றும் போதிய அளவில் கொடுத்தாயிற்று. இப்போது க்ளோபசாமும் சேர்ந்து ஓடுகிறது.

எம்ஆர்ஐ இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். முதலாவது 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமை), 5 மி.மீ. ஆக்ஸியல் (கிடைமட்ட) ஸ்லைஸ். இரண்டாவது 3 டெஸ்லா, "எபிலெப்ஸி புரோட்டோகால்" என்று ரிப்போர்ட்டின் தலையிலேயே இருக்கிறது. இரண்டிலும் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை". தூக்க இஇஜியில் (மூளை மின்பதிவு) எஃப்4, எஃப்-ஸெட் (வலது முன்புற, நடுக்கோட்டு மின்முனைகள்) பக்கம் ஸ்பைக் (கூரிய வலிப்பு அலை), பல இடங்களில் தாளமாகத் தொடர்ந்து வருகிறது.

கேட்க நினைப்பவை: இருக்கும் ஸ்கேனையே மறுபடி படிப்பதா, புதிதாக எடுப்பதா? ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியாவை (எஃப்சிடி, மூளைப் புறணியின் ஒரு பகுதி பிறவியிலேயே ஒழுங்காக உருவாகாதது) கண்ணால் தேட ஒழுங்கான முறை என்ன? எஃப்சிடியைத் தானாகத் தேடும் மெல்ட் போன்ற மென்பொருள் ஓர் இடத்தைக் காட்டினால் எவ்வளவு நம்பலாம்? பெட் (மூளையின் குளுக்கோஸ் பயன்பாட்டைக் காட்டும் படம்), ஸ்பெக்ட் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம்), 7 டெஸ்லா எம்ஆர்ஐ, ஸ்டீரியோ இஇஜி (மூளைக்குள் மின்முனை செருகி எடுக்கும் பதிவு), இவற்றில் எது முதலில்?

---

பதில் 1 | பதிவர்: கதிரியல்_கோணம்

"எபிலெப்ஸி புரோட்டோகால்" என்ற பெயரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். டைகாம் ஹெட்டரைத் (படக் கோப்போடு வரும் தொழில்நுட்ப விவரம்) திறந்து ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் (படம் எடுக்கும் முறை) ஸ்லைஸ் தடிமன், இடைவெளி, பிக்சல் அளவு மூன்றையும் பாருங்கள். பல இடங்களில் அந்தப் பெயரில் எடுப்பது ஹிப்போகேம்பஸுக்குக் (டெம்பொரல் மடலின் உள்ளே உள்ள நினைவுப் பகுதி) குறுக்காக 3 மி.மீ. கொரோனல் டி2, ஃப்ளேர் (எம்ஆர்ஐ பட வகைகள்). மிச்ச மூளைக்கு 5 மி.மீ. ஆக்ஸியல். ஹிப்போகேம்பல் ஸ்க்ளெரோசிஸைத் (அந்தப் பகுதி சுருங்கி இறுகுவது) தேட அது போதும். உங்கள் நோயாளிக்குத் தேட வேண்டிய இடம் முன்மடல். அங்கே அந்த ஸ்கேன் கிட்டத்தட்ட எடுக்காத ஸ்கேன்தான்.

சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் (ஐஎல்ஏஇ) 2019இல் பரிந்துரைத்த ஹார்னெஸ் புரோட்டோகாலில் கட்டாயம் மூன்றுதான். ஒன்று, 3டி டி1, 1 மி.மீ. சமகன வோக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி), இடைவெளி கிடையாது. இரண்டு, 3டி ஃப்ளேர், அதே 1 மி.மீ., இடைவெளி கிடையாது. மூன்று, ஹிப்போகேம்பஸின் நீள அச்சுக்குச் செங்குத்தாக 2டி கொரோனல் டி2, 0.4 × 0.4 × 2 மி.மீ. காவர்னோமா (ரத்தக்குழாய் முடிச்சு), கால்சியம் படிவு சந்தேகம் இருந்தால் எஸ்டபிள்யூஐ (ரத்தம், கால்சியத்தைக் காட்டும் சீக்வென்ஸ்) சேர்க்க வேண்டும். கடோலினியம் (கான்ட்ராஸ்ட் ஊசி) எல்லோருக்கும் தேவையில்லை. கட்டி, ஸ்டர்ஜ்-வெபர் (மூளை உறையின் ரத்தக்குழாய்க் கோளாறு), அழற்சி என்று ஏதாவது தோன்றினால் மட்டும்.

1 மி.மீ. என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? புறணியின் தடிமனே 2 முதல் 4.5 மி.மீ.தான். 5 மி.மீ. ஸ்லைஸில் சாம்பல்பொருளும் வெண்பொருளும் ஒரே வோக்சலில் கலந்துவிடும். பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் சின்ன எஃப்சிடி அந்தக் கலப்பில் கரைந்து போகும். இல்லாத மங்கலும் அதே கலப்பால் உண்டாகும். இரு பக்கமும் ஏமாற்றம்.

2002இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு இதை நன்றாகக் காட்டியது. சாதாரண எம்ஆர்ஐயை வலிப்பில் அனுபவமில்லாதவர் படித்தபோது லீஷன்களில் 39 சதவீதம் தெரிந்தது. அதே படத்தை அனுபவமுள்ளவர் படித்தபோது 50. வலிப்புக்கென்றே எடுத்த எம்ஆர்ஐயை அனுபவமுள்ளவர் படித்தபோது 91. படிப்பவரை மாற்றியதால் கிடைத்தது 11 புள்ளி, படத்தையும் மாற்றியதால் மேலும் 41. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில்: முதலில் சரியான படம், பிறகு சரியான கண்.

இனி படிக்கும் முறை. டி1ஐ மூன்று தளத்திலும் திறந்து, முதலில் தலைச் சாய்வை நேராக்கிக்கொள்ளுங்கள். தலை சில டிகிரி சாய்ந்திருந்தாலே இடது, வலது ஒப்பீடு பொய்யாகிவிடும். விண்டோவைக் குறுக்கி சாம்பல்-வெண்மை எல்லை கூர்மையாகத் தெரியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு பள்ளத்தையும் மேலிருந்து அடிவரை பின்தொடர வேண்டும். அவசரப்படுபவர்கள் மேடுகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். டைப் 2 எஃப்சிடி (செல்களே உருமாறிய வகை; 2ஏ, 2பி என்று இரண்டு) ஒளிந்திருக்க விரும்பும் இடம் பள்ளத்தின் அடி.

தேட வேண்டியவை: புறணி ஓர் இடத்தில் தடித்திருக்கிறதா, எல்லை மங்கியிருக்கிறதா, அதன் கீழே ஃப்ளேரில் வெளிச்சம் இருக்கிறதா, அந்த வெளிச்சம் கூம்பாக ஒடுங்கி வென்ட்ரிக்கிளை நோக்கிப் போகிறதா (டிரான்ஸ்மேன்டில் அடையாளம்), பள்ளம் எதிர்ப்பக்கத்தைவிட ஆழமாகவோ விநோத வடிவிலோ இருக்கிறதா, அதன் வாயில் மூளைத்தண்டுவட நீர் சற்றுக் கூடுதலாகத் தேங்கியிருக்கிறதா. டிரான்ஸ்மேன்டில் அடையாளம் தெரிந்தால் டைப் 2பி என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். 2ஏவில் ஃப்ளேர் மாற்றம் லேசாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. டைப் 1 பெரும்பாலும் கண்ணுக்குச் சிக்காது.

ஏமாற்றுபவை பல. மோட்டார் புறணியில் சாம்பல்-வெண்மை எல்லை இயல்பிலேயே மங்கல், அங்கே மயலின் அதிகம். முன்மடலின் பின்பகுதியைத் தேடும்போது இதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். இன்சுலா, சிங்குலேட் (இரண்டும் புறணியின் உள்ளடங்கிய பகுதிகள்), ஹிப்போகேம்பஸ் இவை 3டி ஃப்ளேரில் இயல்பாகவே கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். ரத்தக்குழாயைச் சுற்றிய இடைவெளி ஃப்ளேரில் இருட்டாக இருக்கும், எஃப்சிடி இருட்டாக இருக்காது. கொத்தாக வலிப்பு வந்த ஓரிரு நாளுக்குள் எடுத்த படத்தில் தற்காலிக வீக்கம் வெளிச்சமாகத் தெரியலாம். சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்காமல் அதை லீஷன் என்று எழுதக்கூடாது.

அசைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3டி சீக்வென்ஸ் ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம் ஓடும். நடுவில் ஒருமுறை தலை அசைந்தால் முழு வால்யூமும் கெடும். 2டி போல ஒரு ஸ்லைஸோடு போகாது. நோயாளி களைப்பதற்கு முன் 3டி டி1, ஃப்ளேர் இரண்டையும் முதலில் எடுத்து, மேஜையை விட்டு இறக்கும் முன்பே கன்சோலில் பாருங்கள். புறணிக்கு இணையாக அலைபோல வரி தெரிந்தால் அப்போதே திரும்ப எடுக்க வேண்டும்.

---

பதில் 2 | பதிவர்: வலிப்பு_வீடியோ

படத்துக்குப் போவதற்கு முன்னால் சில விஷயங்கள். முதலில், இது உண்மையிலேயே மருந்துக்கு அடங்காததா? ஐஎல்ஏஇ 2010 வரையறைப்படி, பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த, நோயாளி தாங்கிக்கொண்ட, போதிய அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றிருக்க வேண்டும். தோல் தடிப்பு வந்து இரண்டாம் வாரத்தில் நிறுத்திய மருந்து கணக்கில் வராது. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டதும் வராது. உங்கள் நோயாளி இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். 2000இல் கிளாஸ்கோவில் 525 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், முன்பு மருந்தே எடுக்காத 470 பேரில், முதல் மருந்தில் 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவதில் 13 சதவீதம், அதற்குப் பிறகு செய்த எல்லா மாற்றத்துக்கும் சேர்த்து 4 சதவீதம்தான். நான்காவது மருந்தைத் தேடிக்கொண்டு வருடங்களைக் கழிப்பதைவிட, இரண்டாவது தோற்றதுமே அறுவை மதிப்பீட்டைத் தொடங்குவதுதான் முறை.

இரண்டாவது, வலிப்புதானா? பெரும்பாலும் தூக்கத்தில் வருவதால் என்ஆர்இஎம் பாராசோம்னியாவோடு (ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்து நடப்பது, அலறுவது போன்றவை) குழம்ப வாய்ப்புண்டு. பாராசோம்னியா பொதுவாக இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில், ஓரிரு முறை, பல நிமிடம் நீடித்து, ஒவ்வொரு தடவையும் சற்று வேறு மாதிரி வரும். நீங்கள் எழுதியது அரை நிமிடம், ஒரே அச்சு, ஒரே இரவில் பல முறை. அது வலிப்பின் முகம்.

இனி அது சொல்லும் இடம். இடது கை விறைத்து எழுவதும் விழிப்பு சட்டென்று திரும்புவதும் வலது முன்மடலின் உட்பக்கத்தையும் துணை மோட்டார் பகுதியையும் காட்டுகின்றன. தலை திரும்புவதில் கவனம் தேவை: தொடக்கத்தில் மெல்ல ஒருபக்கம் பார்ப்பதற்குப் பெரிய மதிப்பில்லை. உடல் முழுக்கப் பரவுவதற்குச் சற்று முன்னால் வலுக்கட்டாயமாகத் திருகிக்கொள்வதே எதிர்ப்பக்க மூளையை உறுதியாகக் காட்டும். இன்னொன்று, அறிகுறி தோன்றும் இடமும் வலிப்பு தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இன்சுலாவிலும் பரைட்டல் மடலிலும் தொடங்கி, அங்கே சத்தமே இல்லாமல், முன்மடலுக்குள் நுழைந்த பிறகு மட்டும் வெளியே தெரிகிற வலிப்புகள் உண்டு. தொண்டையில் இறுக்கம், உடம்பில் கூச்சம் ஏதாவது முதல் வினாடியில் வருகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். வந்தால் தேடும் வட்டத்தை இன்சுலாவரை பெரிதாக்க வேண்டும்.

இஇஜியில் நீங்கள் சொன்ன "தாளமாகத் தொடர்ந்து வரும் ஸ்பைக்" முக்கியமான துப்பு. அது டைப் 2 எஃப்சிடியில் அடிக்கடி காண்பது. ஆனால் தலைமேல் வைத்த மின்முனைக்கு ஸ்பைக் தெரிய ஏறக்குறைய 10 சதுர செ.மீ. புறணி சேர்ந்து துடிக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் இருக்கும் ஒரு செ.மீ. லீஷன் அமைதியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. நடுக்கோட்டை ஒட்டிய மூலங்கள் எதிர்ப்பக்க மின்முனையில் பெரிதாகத் தெரிந்து பக்கத்தையே மாற்றிக் காட்டுவதும் உண்டு. அதனால் எஃப்4 என்பதை வைத்து மட்டும் "வலது" என்று எழுதிவிடாதீர்கள். இங்கே வலிப்பின் வடிவமும் அதையே சொல்வதால்தான் நம்பலாம்.

வீடியோ-இஇஜிக்கு 25 மின்முனை அமைப்பு, கீழ் டெம்பொரல் வரிசையோடு. மருந்தைக் குறைப்பதில் க்ளோபசாமைக் கடைசியில், மெதுவாக. பென்சோடயசெபினைச் சட்டென்று நிறுத்தினால் ஸ்டேட்டஸ் (நிற்காமல் தொடரும் வலிப்பு) வரலாம். இவருக்குத்தான் ஒரே இரவில் நாலைந்து வருகிறதே, மருந்தைக் குறைக்கத் தேவையே இருக்காது என்று நினைக்கிறேன்.

மரபணுச் சோதனை பற்றி ஒரு குழப்பம் பல இடத்தில் பார்க்கிறேன். மரபணு மாற்றம் கண்டால் அறுவை கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் மாற்றம் வந்தால் தயங்க வேண்டும், சரி. டிஇபிடிசி5, என்பிஆர்எல்2, என்பிஆர்எல்3 இவை எம்டார் பாதையைச் (செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் தொடர்) சேர்ந்தவை. இவற்றில் மாற்றம் இருப்பவருக்கே எஃப்சிடியும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட் வந்தால் எம்ஆர்ஐயை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், மூடி வைக்கக் கூடாது.

---

முதுநிலை_நரம்பியல் (கேட்டவர்)

ஹெட்டர் பார்த்தேன். இரண்டாவது ஸ்கேனில் 3டி டி1 1 மி.மீ. இருக்கிறது. ஃப்ளேர் 2டி, 4 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. டி1 மட்டும் வைத்து மெல்ட் ஓட்டிப் பார்ப்பதில் பொருள் உண்டா?

---

பதில் 3 | பதிவர்: வோக்சல்

ஓட்டலாம். மெல்ட் கிராஃபுக்கு (மெல்டின் புதிய பதிப்பு) 3டி டி1தான் கட்டாயம், ஃப்ளேர் விருப்பத் தேர்வு. ஆனால் அந்த 2டி ஃப்ளேரை உள்ளே போடாதீர்கள். 5 மி.மீ.க்கு ஒரு ஸ்லைஸ் இருக்கும் படத்திலிருந்து புறணியின் வெவ்வேறு ஆழத்தில் ஒளியளவை எடுக்கச் சொன்னால், அது இல்லாத தகவலை இடைநிரப்பிக் கொடுக்கும், நீங்கள் அதைக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஃப்ரீசர்ஃபர் அல்லது ஃபாஸ்ட்சர்ஃபர் என்ற மென்பொருள் புறணியின் உள், வெளி மேற்பரப்புகளை வரைகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் தடிமன், சாம்பல்-வெண்மை வேறுபாடு, வளைவு, பள்ளத்தின் ஆழம், ஃப்ளேர் இருந்தால் அதன் ஒளியளவு எல்லாம் எடுக்கப்படுகின்றன. பிறகு ஆரோக்கியமானவர்களோடும் அதே நபரின் எதிர்ப்பக்கத்தோடும் ஒப்பிட்டு, கிராஃப் நியூரல் நெட்வொர்க் சந்தேகக் கொத்துகளைக் குறிக்கிறது. உங்கள் ஸ்கேனருக்கென்று ஹார்மனைசேஷன் (கருவிக்குக் கருவி வரும் வேறுபாட்டைச் சரிசெய்வது) செய்ய அதே கருவியில், அதே அமைப்பில் எடுத்த சுமார் 20 பேரின் படம் தேவைப்படும். செய்யாமலும் ஓடும், துல்லியம் குறையும்.

எவ்வளவு நம்பலாம் என்றீர்கள். 2025இல் வெளியான மதிப்பீட்டில் மெல்ட் கிராஃபின் உணர்திறன் (இருக்கும் லீஷனைக் கண்டுபிடிப்பது) 70 சதவீதம், தனித்திறன் (இல்லாதவரிடம் எதையும் காட்டாமல் இருப்பது) 60 சதவீதம், அது குறித்துக் காட்டியதில் உண்மையாக இருந்தது 67 சதவீதம். முந்தைய பதிப்பில் இந்தக் கடைசி எண் 39ஆக இருந்தது, ஆகவே முன்னேற்றம் பெரிது. இருந்தாலும் கணக்கை நேராகப் படியுங்கள். தனித்திறன் 60 என்றால், எந்தக் குறையும் இல்லாத பத்துப் பேரில் நாலு பேருக்கு எங்காவது ஒரு கொத்து காட்டும். காட்டிய மூன்றில் ஒன்று தப்பு. இதுவும் எஃப்சிடி நோயாளிகள் நிறைந்த தரவில் வந்த எண். காரணம் தெரியாத வலிப்பு என்று வருகிற எல்லோர் மேலும் ஓட்டினால் 67 இன்னும் இறங்கும்.

இன்னொரு எல்லை: எஃப்சிடிக்குப் பயிற்சி பெற்றது எஃப்சிடியைத்தான் தேடும். காவர்னோமா, சிறு கட்டி, ஹைப்போதலாமஸ் ஹமர்டோமா எதுவும் அதன் வேலையில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஓட்டியதும் செய்ய வேண்டியவை. முதலில் மேற்பரப்புக் கோடுகளை டி1 மேல் ஏற்றிப் பாருங்கள். கோடு டியூராவையோ சிரையையோ புறணியாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்துக் கொத்தைத் தள்ளிவிடலாம். டெம்பொரல் மடலின் அடியிலும் முன்மடலின் கீழ்ப்பரப்பிலும் இது அடிக்கடி நடக்கும். அடுத்து, எந்த அம்சம் அந்தக் கொத்தைத் தூக்கியது என்று அறிக்கையில் பாருங்கள். வளைவு ஒன்றால் மட்டும் எழுந்த கொத்து, இயல்பான மடிப்பு வேறுபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல்-வெண்மை மங்கலும் தடிமனும் ஃப்ளேரும் சேர்ந்து எழுப்பியதை மதிக்கலாம். மூன்றாவது, அந்த ஆயத்தொலைவோடு மூலப்படத்துக்குத் திரும்பி, கதிரியல்_கோணம் சொன்னது போல அந்தப் பள்ளத்தை அடிவரை பாருங்கள். நேரில் எதுவும் தெரியாமல், இஇஜியும் வேறு பக்கம் காட்டினால் கொத்தை மறந்துவிடுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள்: கண் முதலில், மென்பொருள் பிறகு. வண்ணக் கொத்தை ஒருமுறை பார்த்துவிட்ட கண், அங்கே எல்லாவற்றையும் மங்கலாகவே பார்க்கும்.

மாப் என்கிற வோக்சல் அடிப்படையிலான முறையும் உண்டு. அதன் ஜங்ஷன் படம் எல்லை மங்கலை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். மோட்டார் புறணியில் பொய்யாக ஒளிரும், காரணம் மேலே பதில் 1இல் இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் சந்தேகம் இருந்தால் மெல்ட் குழுவினரே தனியாக எய்ட்-எச்எஸ் தருகிறார்கள். இவை ஆராய்ச்சிக் கருவிகள், மருத்துவ அனுமதி பெற்ற சாதனம் அல்ல. ரிப்போர்ட்டில் எழுதும்போது அப்படியே குறிப்பிட வேண்டும்.

---

பதில் 4 | பதிவர்: ஐசோடோப்

பெட், ஸ்பெக்ட் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயாளிக்கு முதலாவது உதவும், இரண்டாவது பெரும்பாலும் ஏமாற்றும்.

இக்டல் ஸ்பெக்ட்டில் (வலிப்பின்போதே ஊசி போட்டு எடுப்பது) டெக்னீசியம்-99எம் சேர்த்த எச்எம்பிஏஓ அல்லது இசிடியை வலிப்பு தொடங்கிய 20, 30 வினாடிக்குள் செலுத்த வேண்டும். நரம்பில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச் சேர இன்னும் அரை நிமிடம் ஆகும். இவருடைய வலிப்பே 20 முதல் 30 வினாடிதான். ஊசியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் படத்தில் பதிவது வலிப்பு முடிந்த பிறகான நிலையோ பரவிய இடமோதான். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் டெம்பொரல் வலிப்புக்கு அது நல்ல கருவி. அங்கே 24 மணிநேரம் வலிப்பில்லாதபோது எடுத்த இடைநிலைப் படத்தை அதிலிருந்து கழித்து எம்ஆர்ஐ மேல் ஏற்றினால் அருமையாக வரும். இங்கே வேண்டாம்.

எஃப்டிஜி (குளுக்கோஸ் போன்ற கதிரியக்க மருந்து) பெட்டுக்குக் குறைந்தது 4 முதல் 6 மணிநேரம் வெறும் வயிறு, சர்க்கரை அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். அமைதியான, மங்கிய அறை. ஊசி போடுவதற்கு முன்பிருந்தே இஇஜி ஓட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். உட்கிரகிக்கும் அந்த அரை மணியில் ஒரு சின்ன வலிப்பு வந்தாலும் குறைவாக இருக்க வேண்டிய இடம் தூக்கலாகத் தெரியும், அதைப் பார்த்து எதிர்ப்பக்கம் குறைவு என்று படித்துவிடுவார்கள்.

படத்தை எம்ஆர்ஐயோடு பொருத்தாமல் தனியாகப் படிப்பது பாதி வேலை. குளுக்கோஸ் குறைந்த பகுதி எப்போதும் லீஷனைவிட அகலமாக இருக்கும், அதன் ஓரத்தை வெட்டுக்கோடாக எடுக்கக்கூடாது. 3டி டி1 மேல் ஏற்றி, குறைவு எந்தப் பள்ளத்தில் ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதே பள்ளத்தை ஃப்ளேரில் தேடுங்கள். "நார்மல்" என்று எழுதிய எம்ஆர்ஐயில் எஃப்சிடி கிடைப்பது பல நேரம் இந்த இரண்டாவது பார்வையில்தான். அகன்ற பள்ளத்தில் புறணி மெலிந்திருந்தால் பகுதி வால்யூம் விளைவால் பொய்யான குறைவு வரும். அதுவும் எம்ஆர்ஐ பக்கத்தில் இருந்தால்தான் பிடிபடும்.

மேக்னெட்டோஎன்செஃபலோகிராபி (மூளையின் காந்தப்புலப் பதிவு) கிடைத்தால் விடாதீர்கள். பள்ளத்தின் சுவரில் இருக்கும் மூலங்களை அது நன்றாகப் பிடிக்கும். இவருக்கு ஸ்பைக் அடிக்கடி வருவதால் ஒரு மணி நேரப் பதிவிலேயே போதியவை கிடைக்கும்.

---

கதிரியல்_கோணம்

7 டெஸ்லா கேள்வி விடுபட்டுவிட்டது. 3 டெஸ்லாவில் ஹார்னெஸ் முறைப்படி எடுத்து, அனுபவமுள்ளவர் படித்து, அதன் பிறகும் ஒன்றும் இல்லையென்றால் மட்டும். சிலருக்கு அதில் புதிதாகத் தெரிகிறது, உண்மைதான். ஆனால் டெம்பொரல் மடலின் கீழ்ப்பகுதியில் சிக்னல் விழுந்து இருட்டும், அசைவுக்கு இன்னும் கூடுதலாகக் கெடும். முன்மடலின் மேல்பகுதிக்கு அந்தக் குறை குறைவு, அந்த வகையில் உங்கள் நோயாளி பொருத்தமானவர். 4 மி.மீ. ஃப்ளேரை வைத்துக்கொண்டு 7 டெஸ்லாவுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம்.

குழந்தை நோயாளிகளை மனதில் வைத்து இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஒன்று: 6 முதல் 24 மாதம்வரை மயலின் உருவாகிக்கொண்டிருப்பதால் எல்லை மங்கலை நம்ப முடியாது. 6 மாதத்துக்கு முன் எடுத்த படத்தில் தெரிந்த எஃப்சிடி, ஒரு வயதில் மறைந்து, இரண்டரை வயதில் மறுபடி தெரியலாம். பழைய படத்தை அழித்துவிடாதீர்கள்.

---

பதில் 5 | பதிவர்: ஸ்டீரியோ_முனை

எல்லோரும் கடைசியில் ஸ்டீரியோ இஇஜியை ஒரு தேடும் கருவியாக நினைக்கிறார்கள். ஒரு மின்முனையின் தடிமன் 0.8 மி.மீ., ஒவ்வொரு தொடுபுள்ளியும் 2 மி.மீ. நீளம். அதைச் சுற்றிச் சில மி.மீ. தூரம்தான் அதற்குக் கேட்கும். 12 மின்முனை வைத்தாலும் மூளையின் பெரும்பகுதி அதற்கு எட்டாது. "எங்கேயோ முன்மடலில்" என்று வைத்தால், லீஷனுக்கு ஒரு செ.மீ. தள்ளி உட்கார்ந்து, பரவி வந்ததைத் தொடக்கம் என்று பதிவு செய்யும். கையில் ஒரு கருதுகோள் இருந்தால், அது சரியா தப்பா என்று கேட்க மட்டுமே இது.

புதிய 3டி ஃப்ளேரில் வலது மேல் முன்மடல் பள்ளத்தின் அடியில் தெளிவான லீஷன் தெரிந்து, வீடியோ, இஇஜி, பெட் எல்லாம் அதையே காட்டினால், மோட்டார் பகுதியிலிருந்து தள்ளியிருக்கும் பட்சத்தில் ஸ்டீரியோ இஇஜி இல்லாமலே அறுவைக்குப் போகலாம். ஒட்டியிருந்தால் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ, டிராக்டோகிராபி (நரம்பிழைப் பாதைகளின் படம்), அறுவையின்போது மின்தூண்டல் வேண்டும். எங்கும் ஒன்றும் தெரியாதபோதும் இரண்டு சான்று முரண்படும்போதும்தான் மின்முனை. வைப்பதற்கு முன் ரத்தக்குழாய்ப் படம் கட்டாயம். ரத்தக்கசிவு அபாயம் சுமார் 1 சதவீதம். சிறிய லீஷனுக்குள் நேராக ஒரு முனை போயிருந்தால், எடுப்பதற்கு முன் அதே முனை வழியாக ரேடியோ அலை வெப்பத்தால் சுடலாம். வலிப்பு சில வாரம் நின்றாலும் இடம் சரி என்பதற்கு அது நல்ல சாட்சி.

லீஷன் தெரிந்து செய்யும் அறுவையில் வலிப்பு நிற்பதற்கான ஆட்ஸ் (நிற்பவருக்கும் நிற்காதவருக்கும் உள்ள விகிதம்), தெரியாமல் செய்வதைவிட சுமார் 2.5 மடங்கு. டைப் 2 எஃப்சிடியில் முடிவைத் தீர்மானிப்பது அதை மிச்சமில்லாமல் எடுப்பதே. அதனால்தான் இந்த இழையில் 1 மி.மீ.க்கு இவ்வளவு சண்டை.

துணை மோட்டார் பகுதியை எடுத்தால் முதல் நாள் இடது கை கால் அசையாமலும் பேச்சு வராமலும் போகலாம். பெரும்பாலும் சில வாரத்தில் திரும்பும். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பக்கவாதம் என்று பதறிவிடுவார்கள்.

எடுத்த திசுவை உறிஞ்சியில் விடாமல் ஒரே துண்டாக, மேற்பரப்பு எது என்று நூல் கட்டி அனுப்புங்கள். ஒரு சிறு பகுதியை ஃபார்மலினில் போடாமல் உறைய வையுங்கள். எம்டார் மாற்றங்கள் பல நேரம் லீஷனின் சில செல்களில் மட்டும் இருக்கும், ரத்தத்தில் தெரியாது.

---

முதுநிலை_நரம்பியல் (கேட்டவர்)

மறு ஸ்கேனுக்கு எழுதப் போகிறேன். ரெக்வெஸ்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

---

பதில் 6 | பதிவர்: கன்சோல்_அறை

"வலிப்பு, காரணம் அறிய" என்று எழுதினால் கிடைப்பது வழக்கமான மூளை ஸ்கேன்தான். இப்படி எழுதுங்கள்:

"மருந்துக்கு அடங்காத ஃபோகல் வலிப்பு. தூக்கத்தில் இடது கை விறைப்பு, 30 வினாடிக்குள். இஇஜி: வலது முன்மடல், நடுக்கோட்டருகே. கேள்வி: வலது மேல், நடு முன்மடல் பள்ளங்களின் அடியிலும் சிங்குலேட்டிலும் எஃப்சிடி உண்டா? 3 டெஸ்லா, 3டி டி1 1 மி.மீ., 3டி ஃப்ளேர் 1 மி.மீ., இரண்டும் இடைவெளியின்றி, முழு மூளைக்கும்; கொரோனல் டி2, ஹிப்போகேம்பஸுக்குச் செங்குத்து; எஸ்டபிள்யூஐ. கான்ட்ராஸ்ட் வேண்டாம். முந்தைய இரண்டு ஸ்கேனும் இணைப்பு."

கீழே கடைசி வலிப்பு வந்த தேதி, நேரம் இரண்டையும் எழுதிவிடுங்கள். ஸ்கேனுக்கு முந்தைய இரவு கொத்தாக வந்திருந்தால் போன் செய்து சொல்லுங்கள், வேறு நாள் போட்டுத் தருவார்கள். டிஸ்கில் கொடுக்கும்போது ஜேபெக் வேண்டாம், எல்லா சீக்வென்ஸின் மூல டைகாமும் வேண்டும் என்று அப்போதே கேளுங்கள். பேக்ஸில் (மருத்துவமனையின் படச் சேமிப்பகம்) சில இடங்களில் 3டி வால்யூமை 3 மி.மீ. தடிமனாக மறுவடிவமைத்து அதை மட்டும் சேமித்துவிட்டு, மூலத்தைச் சில நாளில் அழித்துவிடுகிறார்கள்.

---